மூட்டைக்கு இடப்பக்கம் தெரியாது

1

இந்தக் கதை ஒரு மணல் மூட்டையிலிருந்து பிறந்தது. கனவிலிருந்து பிறந்தது, காயத்திலிருந்து பிறந்தது என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. என் கணவரின் மோட்டார் சைக்கிளில், பின் சீட்டில், என் இடத்தில், என் எடையிலேயே ஒரு மூட்டை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். பொறாமைதான் காரணம். மூட்டை என்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் எடை, அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவேன். ஒரு கடுகு கூடினாலும் விடமாட்டேன், குறைந்தாலும் விடமாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே வறண்டுவிட்டது. ஓய்வு பெற்ற அன்று, "வழியனுப்ப எத்தனை பேர்ம்மா வந்தாங்க?" என்று மகள் கேட்டாள். "பத்தாயிரம் பேர்" என்றேன். ஆஹா! அந்த ருசியை என்னவென்று சொல்வேன்! அன்று பிடித்தது, இன்றுவரை விடவில்லை.

ஆகவே இதில் வரும் எண்களை நம்ப வேண்டாம். மனிதர்களை நம்பலாம்.

(நான் எழுதும்போது என் கணவர் என் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் அளவு மீறிப் போனால் முழங்காலால் நாற்காலியை ஓர் இடி. "பத்தாயிரம்" என்று எழுதியபோது இடித்தார். கை இருக்க முழங்கால் ஏன் என்பது போகப் போகத் தெரியும்.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். வீணாக்க மனமில்லாமல் இங்கேயே வைக்கிறேன்.

முதலாவது: "புயலெனச் சீறிப் பாய்ந்தது அந்த இரும்புக் குதிரை. அதன் மேல் ஒரு மாவீரன், கண்களில் கனல் பறக்க—"

இடி. சரி, சரி. எங்கள் வண்டி சீறியதே இல்லை, இருமும். மாவீரருக்கு வேலை வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்ப்பது. கண்ணில் கனல் பறந்தால் ஊசியில் நூல் கோக்க முடியாது.

இரண்டாவது: "சாலைப் பாதுகாப்பில் பின்னிருக்கையில் அமர்பவரின் பங்கு இன்றியமையாதது. ஆகவே நாம் ஒவ்வொருவரும்—"

இதைச் சுவரில் ஒட்டலாம். யாரும் நின்று படிக்க மாட்டார்கள். சுவரும் படிக்காது.

மூன்றாவது: "அவர் இடப்பக்கம் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் என்னையே "அவள்" என்று எழுதும்போது, யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்குள் நடமாடுவதுபோல இருக்கிறது. அதனால் "நான்" என்றே எழுதுகிறேன். விஷயம் மட்டும் அதேதான்.

3

கல்யாணமான புதிதிலிருந்து என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் தன் வேலைக்குப் போவார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அவருடைய கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

பின் சீட்டில் வருவது சும்மா வருவது என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஒழுங்காக உட்கார்ந்து பார்க்கட்டும். வளைவில் வண்டி சாய்ந்தால் கூடவே சாய வேண்டும். பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டிக்கு யார் பேச்சைக் கேட்பதென்று குழப்பமாகிவிடும். சிக்னலில் நிற்கும்போது உதவி செய்வதாக நினைத்துக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பிரேக் போட்டால் முன்னால் சரியாமல் தொடையை இறுக்கித் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் இரண்டு ஹெல்மெட்டும் 'டொக்' என்று முட்டிக்கொள்ளும். நாங்கள் இருவரும் பொது இடத்தில் கொடுத்துக்கொண்ட முத்தம் அது ஒன்றுதான். ஒரு நாளைக்கு லட்சம் முறை.

(இடி.)

காற்றில், ஹெல்மெட்டுக்குள், பேசுவது கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு முழங்கால் பாஷை வளர்ந்திருந்தது. லேசாக இரண்டு தட்டு தட்டினால் 'மெதுவா'. இரண்டு முழங்காலாலும் சேர்த்து அழுத்தினால் 'நிறுத்து'. இடது முழங்காலால் அழுத்தினால் 'இடப்பக்கம் யாரோ வர்றாங்க'. உட்கார்ந்து பேசி ஏற்படுத்தியதில்லை. தானாக முளைத்தது. என் முகவாய்க்கட்டை எப்போதும் அவருடைய இடது தோளுக்கு மேலேயே இருக்கும். வலது முழங்காலுக்கு மட்டும் அர்த்தம் எதுவும் கிடையாது. அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.*

* நானும்தான் யோசிக்கல. இதை அடிக்குறிப்பா போடு. — அவர்.

4

குளியலறையில் வழுக்கி என் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு பிரிக்கும்வரை வண்டியில் ஏறக் கூடாது.

மறுநாள் தனியாகக் கிளம்பியவர் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. திரும்பி வந்து, வண்டியை நிறுத்தி, குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார்.

"என்னங்க, பஞ்சரா?"

"இல்ல. வண்டி என்னமோ மாதிரி இருக்கு. பின்னாடி ஒண்ணுமே இல்லாத மாதிரி."

"பின்னாடி ஒண்ணுமே இல்லைங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மகள் வந்து ஒரு யோசனை சொன்னாள். மைதானத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தருகிறார்கள், நெடுநாளாக ஓட்டுகிறவர்களுக்கும் தனி வகுப்பு இருக்கிறது என்றாள்.

"எனக்கே கத்துக்குடுக்கப் போறாங்களா? நான் வண்டி எடுத்தப்போ அந்த வாத்தியார் பொறந்தே இருக்க மாட்டார்."

"வாத்தியார் இல்லப்பா, டீச்சர். போய்த்தான் பாருங்களேன்."

டீச்சருக்கு என் மகள் வயது. விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார். அதனால் அவர் பெயர் இந்தக் கதையில் விசில். நான் மாவுக்கட்டோடு மைதானத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கே நடக்கும் வகுப்பு போலக் கவனித்தேன். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், பழம் பிழிவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார். "எங்க போகணுமோ அங்க பாருங்க சார். பள்ளத்தையே பாத்துட்டிருந்தா பள்ளத்துலதான் இறங்குவீங்க" என்றார். கண்ணாடியை மட்டும் நம்பாமல், திரும்பும் முன் கழுத்தையும் திருப்பிப் பார்க்கச் சொன்னார்.

எட்டு போடும்போதுதான் மானம் போயிற்று. வண்டி தள்ளாடியது. வரிசையாக வைத்திருந்த ஆயிரம் கூம்புகளையும் (இடி), இருந்த பத்துக் கூம்புகளையும் என் கணவர் ஒன்று விடாமல் சாய்த்தார்.

"சார், நீங்க எப்பவும் ஆளை வெச்சுத்தான் ஓட்டுவீங்களா?"

"எப்பவும் இவதான்."

விசில் சிரித்துக்கொண்டே மணல் மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் போனார். பின்னால் ஆள் ஏற்றிப் பழகுவதற்காக வைத்திருந்தவை. "அம்மா, உங்க எடை என்ன?"

வாழ்நாளில் முதல்முறையாக எடையில் பொய் சொல்ல ஆசை வந்தது. தொழில் விடவில்லை. உண்மையைச் சொன்னேன். மூட்டை வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் எட்டு போட்டார் பாருங்கள், எழுதுகோலெடுத்து எழுதியதுபோல! மைதானமே கைதட்டியது. நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போது விசில் ஊதினார். மறுபடியும் ஊதினார்.

"சார், இடப்பக்கம் நின்னு கொடி காட்டினேன். நிக்காம போயிட்டீங்களே."

"எந்தக் கொடி?"

இன்னொரு முறை ஓட்டச் சொல்லிக் காட்டினார். அப்போதும் நிற்கவில்லை.

"இடப்பக்கம் யார் சார் பாப்பாங்க?"

"அது அவ டிபார்ட்மெண்ட்" என்று என்னைக் கைகாட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். விசில் சிரிக்கவில்லை. முதல்முறையாக விசிலை வாயிலிருந்து எடுத்தார். "கண் டாக்டரைப் பாத்துட்டு வாங்க சார். அதுவரைக்கும் ரோட்ல வண்டி எடுக்கவே கூடாது."

"சரிம்மா."

அந்தச் "சரிம்மா" எனக்குத் தெரியும். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் எனக்கும் அதுதான் கிடைக்கும்.

5

இந்தப் பகுதியை மட்டும் மிகைப்படுத்தாமல் எழுதப்போகிறேன். பழைய வேலைக்குத் திரும்பியதுபோல இருக்கிறது.

கண் டாக்டரிடம் போகவில்லை. பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் மணல் கேட்டு வாங்கி, ஒரு சாக்கில் நிரப்பி, நான் சரிபார்த்து வைத்திருக்கும் எடைப் பொறியிலேயே நிறுத்து, என் எடைக்குக் கொண்டுவந்து, பின் சீட்டில் கயிற்றால் கட்டியிருக்கிறார். நான் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் கிளம்பிவிட்டார். ஒரு தையல்காரம்மாவின் மெஷின் நின்றுபோயிருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய துணிகள் அவரிடம் குவிந்து கிடந்தன. மூட்டைக்கு என் ஹெல்மெட்டையும் மாட்டியிருந்தார்.*

* ஹெல்மெட் மாட்டல. இது இவ கட்டின கதை. — அவர்.

ஒரு நாற்சந்தி. இடப்பக்கத் தெருவிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தார். மணியடித்துக்கொண்டேதான் வந்தார். மூட்டைக்கு முழங்கால் இல்லை. என் கணவர் நேராகப் போனார். அந்தப் பெண் கைப்பிடியை ஒடித்துத் திருப்பிக் கீழே விழுந்தார். அந்தச் சத்தத்தில் இவர் பிரேக்கைப் பிழியவில்லை, வெடுக்கென்று பிடித்தார். வண்டி சாய்ந்தது. மூட்டை கிழிந்து மணல் சாலையில் பரவியது.

பின்னால் ஒரு ரொட்டி வேன் வந்துகொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு வராமல், இடைவெளி விட்டு வந்திருக்கிறது. அதனால் நிறுத்த முடிந்தது. அந்தப் பெண்ணின் தலையிலிருந்து ஒரு கை தூரத்தில்.

ஒரு கை தூரம். என் கணவர் அளந்து சொன்னது. இடி இல்லை.

6

அந்தப் பெண் ஒரு நர்ஸ்.

கதைக்கு வசதியாக நர்ஸ் வருகிறாரே என்று சந்தேகப்படுவீர்கள். எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு பிரதியில் அவரைப் பூக்கடைக்காரியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஆனால் அவர் எழுந்ததும் செய்த முதல் காரியத்தைப் பூக்கடைக்காரி செய்ய மாட்டார். சிராய்த்த முழங்கையில் ரத்தம் வடிய வடிய நடந்து வந்து, என் கணவரை ஓரமாக உட்காரவைத்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்திருக்கிறார். பிறகுதான் திட்டத் தொடங்கியிருக்கிறார்.

"மணி அடிச்சுக்கிட்டே வர்றேன், அப்படியே வர்றீங்களே! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"ஆமாம்மா. முதுகுலதான் இருந்துச்சு."

நர்ஸ் அவரை உற்றுப் பார்த்தார். கிழிந்த சாக்கைப் பார்த்தார். "இது யாரு? என்ன மூட்டை?"

"என் வீட்டுக்காரி."

தலையில் பலமாக அடிபட்டிருக்கிறது என்று முடிவுசெய்துவிட்டார் பாவம். "பெரியவரே, இன்னிக்கி என்ன கிழமை?"

"வியாழன்."

"இங்க எத்தனை விரல்?"

"ரெண்டு."

"இங்க?"

"எங்கம்மா?"

நர்ஸ் தன் வலக்கையை, அவருக்கு இடப்பக்கமாக, நீட்டியபடியே வைத்திருந்தார். அசைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு திட்டவில்லை. என் கணவரின் போனிலிருந்து எனக்குப் பேசினார். "அம்மா, பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார். நீங்கதான் ரோடெல்லாம் கொட்டிக் கிடக்கீங்க."

7

கண் மருத்துவமனையில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, அங்கங்கே ஒளிப்புள்ளிகளைக் காட்டினார்கள். புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்தில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு, எந்த இடத்தில் பொத்தான் மௌனமாகிறது என்று புரிந்துகொண்டே வந்தது.

"இடப்பக்க ஓரம் போயிடுச்சு. ரொம்ப மெதுவா போயிருக்கு, அதான் அவருக்கே தெரியல" என்றார் டாக்டர். "அந்த இடம் கறுப்பா தெரியாது. மூளை அக்கம்பக்கத்தைப் பாத்து, 'இங்கயும் இப்படித்தான் இருக்கும்'னு ஊகிச்சு நிரப்பிக்கும். ரோடு காலியா இருக்கிற மாதிரியே இருக்கும். இருக்கிற பார்வையை மருந்து காப்பாத்தும். போனது திரும்பாது. வண்டியை மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

ஆள் வருகிற இடத்தில் ஆளில்லாத சாலையை வரைந்து காட்டியிருக்கிறது அவர் மூளை. இத்தனை காலமாக இந்த வீட்டில் கதை கட்டுவது நான் ஒருத்திதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதில் என் முழங்காலுக்கும் பங்கு உண்டு. நான் அழுத்த அழுத்த, அவர் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. கண் குறைந்தது முதலிலா, முழங்கால் வளர்ந்தது முதலிலா என்று எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து, வண்டியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததையும் துடைத்தார். உள்ளே வந்து என் கையில் சாவியை வைத்தார்.

"வித்துடலாம்."

"சரிங்க."

"தையல்காரம்மாவுக்கு வேற ஆளைச் சொல்லிடு."

"சரிங்க."

[இங்கே ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன்: "அவர் சன்னலருகே உட்கார்ந்தார். தெருவில் போகும் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டபடி—". இடி விழுந்தது. "நான் எப்போ சன்னல்கிட்ட உக்காந்தேன்? அன்னிக்கு ரசிச்சு சாப்பிட்டுட்டுத் தூங்கினேன்" என்றார். தூங்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முடிவை எடுத்துவிட்டேன்.]

மாவுக்கட்டு பிரித்து, கால் தேறி, "இனி எதுவும் செய்யலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகு, விற்காமல் வைத்திருந்த வண்டிச் சாவியோடு நான் மைதானத்துக்குப் போனேன்.

"அம்மா, சாரைக் கூட்டிட்டு வரலையா?"

"சார் வரலை. எனக்குக் கத்துக்குடு."

விசில் வாயிலிருந்து தானாகக் கீழே விழுந்தது. (இடி. சரி, விழவில்லை. தொங்கியது.)

8

கோடி முறை வண்டியைக் கீழே போட்டேன். இரண்டு தட்டு. சரி, நாலு முறை. விழுந்த வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைப்பிடியையும் சீட்டையும் பற்றி, காலின் பலத்தால் பின்னோக்கித் தள்ளி நிமிர்த்த வேண்டும் என்று விசில் கற்றுத்தந்தார். அடுத்த முறை யாரையும் கூப்பிடாமல் தனியாக நிமிர்த்தினேன். மகள் பிறந்தபோதுகூட இவ்வளவு பெருமைப்படவில்லை. மகள் இதைப் படிக்கக் கூடாது.

என் கணவர் தினமும் மைதானத்துக்கு வந்து அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் முறைத்தார். பிறகு, "கிளட்சை அப்படி விடாத, மெதுவா!" என்று கத்தினார். "நாற்காலியில இருக்கிறவங்க பேசக் கூடாது" என்று விசில் ஊதினார். மற்ற பயமெல்லாம் போன பிறகும் எனக்கு ஒரு பயம் போகவில்லை: முன் சீட்டில் உட்கார்ந்தால் எதிரே தோள் இல்லை. முகவாயை வைக்க இடமே இல்லை. உலகம் அப்படியே முகத்துக்கு நேராக வருகிறது.

தேர்வில் தேறினேன். "கொஞ்ச காலம் தனியா ஓட்டுங்க, அப்புறம் ஆளை ஏத்துங்க" என்றார் விசில். தனியாக ஓட்டினேன். பிறகு மூட்டையோடு ஓட்டினேன். இந்த முறை அவர் எடைக்கு நிரப்பியது. மூட்டைக்கு நானும் ஹெல்மெட் மாட்டினேன்.*

* சரி, நானும் மாட்டினேன். தலையில்லாம பாக்க நல்லா இல்ல. — அவர்.

9

இன்று காலை தையல்காரம்மா பேசினார். வேறு ஆள் வந்து பார்த்தாராம். மெஷின் இப்போது இரண்டு மடங்கு சத்தம் போடுகிறதாம். "அண்ணன் வர மாட்டாரா?" என்றார்.

அண்ணன் கருவிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வர்றீங்களா?"

"நான் எங்க உக்கார்றது?"

"நான் உக்காந்த இடத்துல."

"கையை எங்க வைக்கிறது?"

"நான் வெச்ச இடத்துல."

துடைத்த துணியை மடித்து வைத்தார். "அப்போ இடப்பக்கம்?"

"இப்பவும் என் டிபார்ட்மெண்ட்தான். கழுத்தைத் திருப்பிப் பாக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வலப்பக்கம் உங்களுக்கு நல்லாத் தெரியுதே, அதை நீங்க கூடச் சேர்ந்து பாருங்க. வலது முழங்காலுக்கு இதுவரைக்கும் வேலையே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. மண்டியிட்டு என் ஷூ நாடாவைச் சரிபார்த்தார். தொங்கினால் சங்கிலியில் சிக்கும். என் ஹெல்மெட்டின் முகவாய்ப் பட்டையை மாட்டி, 'கிளிக்' சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். கேட்டது. இருந்தும் இன்னொரு முறை கழற்றி மாட்டினார்.

வண்டி வாசலில் நிற்கிறது. "அஞ்சு நிமிஷம், இதை முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவுக்கு மூன்று யோசனைகள் இருக்கின்றன.

ஒன்று: போகிறோம். முதல் பிரேக்கில் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு முத்தம் விழுகிறது. மெஷின் சரியாகிறது. திரும்பி வருகிறோம்.

இரண்டு: தெருமுனையில் அவர் இரண்டு முழங்காலாலும் அழுத்துகிறார். நிறுத்துகிறேன். இறங்கி நடந்து வீட்டுக்குப் போகிறார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் போகிறேன்.

மூன்றாவதை நான் எழுத மாட்டேன். அது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் யாரோ ஒருவருக்கு அது எழுதப்படுகிறது. அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்றால், நான் குளியலறையில் விழுந்தவள்.

இந்த மாதிரிக் கதைகளில், 'முடிவு உங்கள் கையில்' என்று எழுதி வாசகரிடம் தள்ளிவிடுவது வழக்கம். வெறும் மரியாதைக்குச் சொல்வது. நான் அப்படிச் சொல்லவில்லை. என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன்: முன்னால் பார்க்கிறேன், இடப்பக்கம் கழுத்தைத் திருப்புகிறேன். வலப்பக்கத்துக்கு ஒரு முழங்கால் இருக்கிறது. பின்பக்கத்துக்குத்தான் ஆளில்லை. அங்கே நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள். பேருந்திலோ காரிலோ ரொட்டி வேனிலோ, ஏதோ அவசரத்தில். முன்னால் ஒரு பழைய வண்டி இருமிக்கொண்டு போகும். ஓட்டுகிறவள் அளவுக்கு மீறி மெதுவாகப் போவாள். பின்னால் ஒருவர் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூட்டையைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

ஹாரன் அடிக்க வேண்டாம். கொஞ்சம் இடைவெளி விட்டு வாருங்கள்.

நாற்காலியில் இரண்டு முழங்காலும் சேர்ந்து அழுத்துகின்றன. நிறுத்த வேண்டும் என்று அர்த்த—